தென்காசியில் நடையை எண்ணிய ஒன்பது நாள்

ரயில் இரண்டு நிமிடம்தான் நின்றது. எங்களிடம் நான்கு பை, ஒரு பெட்டி. மூன்று பையை நான் இறக்கினேன். ஒரு பையை நித்யா மேடம் இறக்கினார். பெட்டியை யார் இறக்குவது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை. அது ரயிலோடு போய்விட்டது.

பெட்டியில் நாற்பத்தொரு பெல்ட் இருந்தது. அதற்காகத்தான் சென்னையிலிருந்து தென்காசிக்கு வந்திருந்தோம்.

நான் சென்னையில் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் அட்டெண்டர். ஏழாவது வரை படித்தேன். நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது, பிடித்து நடக்கவைப்பது என் வேலை. விழுப்புரத்துக்குத் தெற்கே வந்ததில்லை. நித்யா மேடம் அதே கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார். வயதானவர்கள் உடம்பை எவ்வளவு அசைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதை மேடம் தமிழில் மாற்றினார். ஒன்பது கேள்வி. ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான் பதில். அந்தத் தமிழ்த் தாள் சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தராசு சரியா என்று எடைக்கல் வைத்துப் பார்ப்போம் இல்லையா, அதுபோல. எடைக்கல்தான் அந்த பெல்ட். இடுப்பில் கட்டினால் நடப்பதை எண்ணும். முதலில் கேள்வி கேட்டுவிட்டு பெல்ட்டைக் கட்டவேண்டும். ஏழு நாள் இடுப்பில் இருக்கவேண்டும். பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்கவேண்டும். பதிலும் பதிலும் ஒத்துப்போய், பதிலும் பெல்ட்டும் ஒத்துப்போனால் தாள் தேறியது.

எடைக்கல் செங்கோட்டைக்குப் போய்விட்டது. ரயிலுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன்.

வெளியே ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுபவர் பெயர் இசக்கி. அடுத்த ஒன்பது நாளும் அவர்தான் எங்களை ஏற்றிப்போனார்.

"செங்கோட்டையா? ஏறுங்க அண்ணாச்சி. ரயிலுக்கு முன்னாடி போயிருவோம்."

போகவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் ரயிலுக்காகத்தான் மூடியிருந்தார்கள். பெட்டி எங்கள் கண் முன்னாலேயே கடந்து போனது. இசக்கிக்கு ஒரே சிரிப்பு.

"பாத்தியளா? உங்க பெட்டிக்குல்லா கேட்ட மூடியிருக்காவ. மந்திரி மாதிரிலா போவுது."

அந்த கேட்டில் நிற்கும்போதுதான் மலையைப் பார்த்தேன். மேற்குப் பக்கம் முழுக்க மலை. பாதிக்கு மேல் மேகம். மேகத்துக்குக் கீழே வெள்ளையாக மூன்று நான்கு கோடு இருந்தது. சுண்ணாம்பு வழிந்ததுபோல.

"அது இன்னாங்க?"

"தண்ணி" என்றார் இசக்கி.

எங்கள் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வரும். குடத்தோடு ஓடுவோம். இங்கே அது பாட்டுக்கு மலையிலிருந்து கொட்டிக்கொண்டு இருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செங்கோட்டை பிளாட்பாரத்தில் பத்துப் பேர் வட்டமாக, தள்ளி நின்றார்கள். நடுவில் எங்கள் பெட்டி. பெல்ட்டில் சின்ன பச்சை விளக்கு உண்டு. மூடி இடுக்கு வழியாக மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டி மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து டீ குடித்தார். ரயில்வே போலீஸ்காரர் தூரத்திலிருந்து கெஞ்சினார்.

"வே பாட்டையா, எந்திரிச்சு வாரும். வெடிக்கும்னு சொல்லுதேன்லா."

"எனக்கு எம்பத்தொண்ணு ஆச்சு. வெடிச்சா வெடிக்கட்டும். இங்கன உக்கார வேற எடம் போட்டுருக்கியளா?"

மேடம் அடையாள அட்டையைக் காட்டிப் பெட்டியை வாங்கினார். பெரியவர் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தார்.

மத்தியானம் அங்கேயே பரோட்டா சாப்பிட்டோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். இலையில் பிய்த்துப் போட்டு அதன்மேல் சால்னா ஊற்றுகிறார்கள். பக்கத்தில் பொரித்த நாட்டுக்கோழி. எங்கள் ஊர் பரோட்டாவை மெல்ல வேண்டும். இது தானாக இறங்கியது. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணுகிற வேலை மறுநாளிலிருந்துதானே.

இரண்டாம் நாள் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தோம். அறுபது தாண்டியவர்கள் நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். வந்தது நூற்றைம்பது பேர் இருக்கும். இந்த ஊரில் வயதானவரைத் தனியாக அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் வீட்டுக்குத்தான் கெட்ட பேர். மகன் வருகிறார், மருமகள் வருகிறார், பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். கேள்வியை ஒருவரிடம் கேட்டால் நான்கு பேர் பதில் சொல்கிறார்கள்.

சுடலைமுத்து என்று ஒரு விவசாயி, வயது எழுபத்தாறு. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்தார். "உடம்பு அசையும்படி ஏதாவது வேலை செய்கிறீர்களா?" என்று மேடம் படித்தார்.

மகன் முந்திக்கொண்டார். "அப்பாவா? சும்மாதான் இருக்காவ. ஒரு வேல செய்ய விடுததில்ல நாங்க."

பெரியவர் தலையை ஆட்டினார். மேடம் 'இல்லை' என்று குறித்தார்.

தாளில் படம் உண்டு. ஒரு படத்தில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். ஒரு படத்தில் ஒரு பெண்மணி டென்னிஸ் மட்டை வைத்திருக்கிறார். வரிசையில் இருந்த ஆச்சிகள் அதை வாங்கிப் பார்த்தார்கள்.

"நாய எதுக்குக் கூட்டிட்டுப் போறான்? அதுக்கு வழி தெரியாதா?"

"ஏட்டி செல்லம்மா, உன் படம் போட்டுருக்கு பாரு. மட்டையத் தூக்கிட்டு நிக்க."

"போடி. அது நீதான். மருமவன அடிக்கக் கெளம்பிட்ட."

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

பதினேழாவதாக வந்தவர் மைதீன் பாத்து. எழுபத்திரண்டு வயது. கருப்பு புர்கா. சின்ன உருவம். ஒரு கை மருமகள் தோளில், ஒரு கை சுவரில். ஒவ்வொரு அடிக்கும் "யா அல்லா" என்றார். மருமகள் ஜொஹரா கையில் செல்போன். வீடியோவில் மகன். சவுதியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார்.

ஜொஹரா உட்காரும் முன்பே, போனில் இருந்த கணவரைக் காட்டிச் சொல்லிவிட்டார்.

"மாமிய நல்லாப் பாருங்க டாக்டர். இவுங்க மெட்ராஸ்ல வீடு வாங்கிருக்காவ. மூணாவது மாடி. லிப்ட் கெடையாது. புள்ளைய ரெண்டையும் அங்கன பள்ளிக்கூடத்துல சேக்கணும். மாமி மாடி ஏறுவாவன்னா எல்லாரும் அடுத்த மாசமே போயிருவோம், இந்த வீட்ட வாடகைக்கு விட்டுருவோம். ஏற மாட்டாவன்னா ஒருத்தரும் போக முடியாது."

போனில் மகனும் பேசினார். "டாக்டர், உம்மா ஏறுவாங்களா மாட்டாங்களா, அத மட்டும் சொல்லிருங்க."

மேடம் நல்ல பெண். யாரையும் ஏமாற்றமாட்டார். "ஏழு நாள் கழிச்சுப் பார்த்துட்டு பேசலாம் சார்" என்றார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்போது எனக்கும் தோன்றவில்லை.

ஒன்பது கேள்விக்கும் மைதீன் பாத்து இல்லை என்றார். மாடி ஏற முடியுமா என்ற கேள்விக்கு வாயைத் திறக்காமல் முட்டியைத் தடவிக் காட்டினார்.

நான் பதினேழு என்று எண் போட்ட பெல்ட்டைக் கட்டினேன். "குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழட்டணும்மா. மத்த நேரம் இடுப்புல இருக்கணும். நீங்க நடக்கறத எண்ணும்."

"நடந்தாத்தான தம்பி எண்ணும்" என்றார்.

சாயங்காலம் தாள்களை மேடம் கூட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லோரும் எல்லாவற்றுக்கும் இல்லை. தாளின்படி ஊரே கட்டிலில் கிடந்தது.

மூன்றாம் நாள் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் காற்று அடிக்கும் என்று இசக்கி சொல்லியிருந்தார். எங்கள் ஊர்க் கடற்கரையில் பார்க்காத காற்றா என்று நினைத்தேன். இது வேறு. உள்ளே போகும்போது மார்பில் கை வைத்துத் தள்ளியது. நடக்க முடியவில்லை. பத்தடி தாண்டியதும் அதே காற்று முதுகுக்கு வந்து உள்ளே தள்ளியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு வா என்று இழுப்பதுபோல. மூன்று தரம் போய்ப் போய் வந்தேன். பூ விற்கும் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

நான்காம் நாள் பெல்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க சுந்தரபாண்டியபுரம். ஆட்டோ பாதியில் பஞ்சர். மீதியை நடந்தோம். ஒரு திருப்பத்தில் மேடம் நின்றுவிட்டார். நானும் நின்றேன். கண்ணுக்கு எட்டிய வரை சூரியகாந்தி. எல்லாப் பூவும் ஒரே பக்கம் பார்த்து நின்றது. பிரேயரில் பிள்ளைகள் நிற்பதுபோல. அவ்வளவு மஞ்சளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. வரப்பில் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. காற்றில் மாப்பிள்ளையின் தலைப்பாகை பறந்து வயலுக்குள் போய்விட்டது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் சுடலைமுத்து. முதுகில் மருந்தடிக்கும் டேங்க். நிறையத் தண்ணீர். இடுப்பில் எங்கள் பெல்ட்.

"தாத்தா, வேலை செய்யறதில்லன்னு சொன்னீங்களே?" என்றார் மேடம்.

"செய்யலையே."

"இது?"

"இதுவா? இது சும்மா மருந்தடிக்கேன். வேலன்னா மம்பட்டி பிடிக்கது. அத மவன் பாக்கான்."

மேடம் தன் போனில் அவர் பெல்ட்டைப் பார்த்தார். என் இடுப்பிலும் ஒரு பெல்ட் இருந்தது, சரிபார்க்க. அதையும் பார்த்தார். பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் ஓடுகிறவன் நான். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அவர் என்னைத் தாண்டி எங்கேயோ போயிருந்தார்.

மேடம் வரப்பில் உட்கார்ந்தார். "தாள் தோத்துடுச்சுண்ணே" என்றார். "ரெண்டு வருஷ வேலைண்ணே." சுடலைமுத்து எங்களுக்கு இரண்டு இளநீர் கொண்டுவந்தார். தென்னை மரம் ஏறித்தான் பறித்தாரா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிறு. விடிந்தும் விடியாமல் நான் மட்டும் குற்றாலம் போனேன். முதல் பஸ்ஸே நிரம்பியிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் சத்தம் கேட்டது. பிறகு முகத்தில் ஈரம் பட்டது. திரும்பினேன். அதன் பிறகுதான் அருவி தெரிந்தது.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாறை ஒரு பெரிய கட்டடம் உயரத்துக்கு இருக்கிறது. மேலேயிருந்து மொத்தமாக விழுகிறது. நடுவில் பாறையில் பட்டு ஒருமுறை எழும்பி, திரும்ப விழுகிறது. கீழே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எத்தனை பேர் நின்றாலும் எல்லோருக்கும் தண்ணீர் இருக்கிறது. அதுதான் எனக்கு முதலில் பட்டது. யாரும் யாரையும் குடத்தை எடு என்று சொல்லவில்லை.

நான் உள்ளே போய் நின்றேன். தலையில் விழுந்தது தண்ணீர் மாதிரி இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து அடிப்பதுபோல் இருந்தது. காது அடைத்தது. கண் திறக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது யாரோ என்னைக் கழற்றித் திரும்பப் பூட்டியதுபோல் இருந்தது.

துவட்டிக்கொண்டு கடைப்பக்கம் வந்தேன். எண்ணெய்க் கடை ஒன்றில் ஆணி அடித்து சீப்பு, துண்டு எல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெல்ட் தொங்கியது. பச்சை விளக்கு மினுக்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பதினேழு.

யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். "இது ஏதுங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அதைத் தொடாதிய அண்ணாச்சி. பாத்து ராத்தாவோடது. குளிக்கப் போயிருக்காவ."

"யாரு?"

"தென்காசிக்கார அக்கா. ராத்தான்னுதான் கூப்பிடுவோம். சீசன்ல ஒரு நா தப்பாது. நடந்தே வந்துருவாவ. நான் கடைய தொறக்க முன்னாடி வந்து நிப்பாவ."

தென்காசியிலிருந்து அங்கே வர பஸ்ஸுக்கே நேரம் எடுத்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கமிருந்து மைதீன் பாத்து வந்தார். காய்ந்த புர்காவை மேலே போட்டிருந்தார். கையில் பிழிந்த துணி. படி ஈரமாக இருந்தது. வழுக்கும் படி. சுவரையோ ஆளையோ பிடிக்கவில்லை. "யா அல்லா" இல்லை. படியேறி வந்து பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

ஓடவில்லை. திடுக்கிடவும் இல்லை.

"நீ சொன்ன நேரத்துக்குத்தான் தம்பி கழட்டுனேன். குளிக்கும்போது" என்றார்.

"முட்டி வலின்னு சொன்னீங்களேம்மா."

"மாடிய நெனச்சா வலிக்கும்."

என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மங்குஸ்தான் விற்பவரைக் கூப்பிட்டுப் பேரம் பேசினார். "போன வாரத்து வெலய சொல்லு. நான் என்ன டூரிஸ்டா?" என்று அதட்டி வாங்கினார். தோலை உடைத்து எனக்கு இரண்டு சுளை கொடுத்தார். வெள்ளையாக, பல் படும் முன் கரைந்தது.

"வீட்ல தெரியாதாம்மா?"

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு தங்கச்சி வீட்டுல ஓதப் போறேன்னு சொல்லுவேன். அவ அடுத்த தெருவுல இருக்கா. தலைய அங்கன உணத்திட்டு வீட்டுக்குப் போவேன். வரும்போது பஸ்ஸு. பொம்பளையாளுக்கு டிக்கெட் இல்லேல்லா."

"இது நீங்க நடக்கறத எண்ணுதும்மா" என்றேன் பெல்ட்டைக் காட்டி.

"எண்ணட்டுமே. நான் என்ன வாக்கிங்கா போறேன்? ரிட்டயர்டு ஆபீசர்மாரு ஷூ போட்டுட்டு போவாவ, அதுல்லா வாக்கிங். நான் குளிக்கல்லா வாரேன்."

சுடலைமுத்து மருந்தடித்தது ஞாபகம் வந்தது.

அவர் அருவியைப் பார்த்தார். தினம் பார்க்கிறவர். அன்றுதான் முதலில் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உங்க மெட்ராஸ்ல இது இருக்கா?"

"இல்லம்மா."

"பொறவு என்னத்துக்குக் கூப்பிடுதான்?" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ சொல்லிருவியா?" என்று கேட்டார்.

"நான் பெல்ட் கட்டறவன்மா. பேசறது என் வேலை இல்ல."

ஆனால் நான் பேசாவிட்டாலும் பெல்ட் பேசும். அது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் மழை. அருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டார்கள். போலீஸ் கயிறு கட்டி நின்றது. வேடிக்கை பார்க்கக்கூட விடவில்லை. இரவு விடுதி அறையில் மேடம் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டே தாள்களைப் புரட்டினார். அவரிடம் சொல்லலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன். சொன்னால் மேடம் மகனிடம் பொய் சொல்லமாட்டார். சொல்லவில்லை. எட்டாம் நாள் வெயில் வந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டதாக இசக்கி சொன்னார். அந்த அம்மா போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மண்டபம். பெல்ட்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பது, மறுபடி கேள்வி கேட்பது. அதே கூட்டம். மேடம் முதல் ஐந்து பேரைக் கேட்டார். அதே மகன்கள், அதே மருமகள்கள், அதே "சும்மாதான் இருக்காவ". பெல்ட்டில் வேறு கணக்கு. மேடம் கண் கலங்கியிருந்தது.

நான் வேலை நேரத்தில் பேசமாட்டேன். அன்று பேசினேன்.

"மேடம், இவங்கள தனியா கேளுங்க."

"கேள்விய மாத்தக் கூடாதுண்ணே. மாத்தினா எல்லாம் போச்சு."

"கேள்விய மாத்த வேணாம். கூட்டத்த மாத்துங்க. நம்ம வார்டுல பொண்டாட்டி பக்கத்துல நின்னா எவனாவது குடிக்கறத சொல்றானா?"

மேடம் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் பாத்திர அறை இருந்தது. அண்டா, குண்டா, கரண்டி எல்லாம் அடுக்கியிருந்தது. அங்கே இரண்டு நாற்காலி போட்டேன். வாசலில் நான் நின்றேன். ஒருவர் மட்டும் உள்ளே.

சண்டை வந்தது. "நாங்க இல்லாம அப்பாவுக்கு என்ன தெரியும்?" என்றார் சுடலைமுத்துவின் மகன். "லே, போயி டீ குடி. என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் சுடலைமுத்து. இசக்கி எல்லோரையும் டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே போனவர்கள் வெளியே வர நேரமானது. ஒரு ஆச்சி மகளுக்குத் தெரியாமல் பீடி இலை வாங்க நடந்து போவதைச் சொன்னார். ஒருவர் தினம் இரண்டு தரம் ரயில்வே ஸ்டேஷன் வரை போய் வருவதைச் சொன்னார். எதற்கு என்றால் சும்மா என்றாராம். சுடலைமுத்து மட்டும் தனியாகக் கேட்டாலும் வேலை செய்வதில்லை என்றே சொன்னார். அந்தக் கேள்வியை எப்படி எழுதவேண்டும் என்று மேடம் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

பதினேழு வந்தது. மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா" சொல்லிக்கொண்டு. ஜொஹரா கையில் செல்போன். மகன் லைனில் இருந்தார். வெளியே நிற்கச் சொன்னேன். ஜொஹராவுக்குக் கோபம். "ரிசல்ட் மட்டுமாவது எங்கிட்ட சொல்லுவியளா?" என்றார்.

நான் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். மேடம் மாட்டினார். திரையில் வந்த கோட்டுப்படத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு கோபுரம் எழும்பி நின்றது. மழை பெய்த இரண்டு நாள் மட்டும் தரையோடு தரை. மேடம் திரையைப் பார்த்தார். மைதீன் பாத்துவைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மேடம் தாளை எடுத்து முதல் கேள்வியிலிருந்து படித்தார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் யோசித்தார். அங்கே யாரும் முந்திக்கொள்ளவில்லை. மாடி ஏற முடியுமா என்ற இடம் வந்தது.

"இத யாரு கேக்கா?" என்றார் அந்த அம்மா. "தாளா, மருமகளா?"

"தாள்தாம்மா கேக்குது."

"அப்பம் முடியும்னு எழுது."

மேடம் எழுதினார். பேனாவை மூடினார். திரும்பத் திறந்தார், திரும்ப மூடினார். சந்தோஷம் பாதி, பயம் பாதி என்று நினைக்கிறேன்.

நான் கதவைத் திறந்தேன். ஜொஹரா வாசலிலேயே நின்றிருந்தார். செல்போனை நீட்டினார். "என்ன டாக்டர்? மாமி ஏறுவாவளா, மாட்டாவளா?"

போனில் மகனும், "சொல்லுங்க டாக்டர்" என்றார்.

மேடம் எழுந்து நின்றார். "சார், அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது. நாங்க இந்தத் தாள் சரியா இருக்கான்னு பார்க்கத்தான் வந்தோம். உங்க அம்மாவ இல்ல. அவங்க சொன்னத நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது."

"அது எப்படி டாக்டர்? ஒரு வாரமா காத்துட்டிருக்கோம்" என்றார் மகன்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மேடத்தையும் மருமகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி மருமகளிடமிருந்து போனை வாங்கினார். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். மகனைச் செல்லமாக வாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

"வாப்பா, நான் மாடி ஏறுவேன்."

"அப்படியா உம்மா! முட்டி?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல. ஏறுவேன். ஆனா வரமாட்டேன்."

போனை வாங்க வந்த ஜொஹராவின் கையைத் தள்ளினார்.

"வலிக்குன்னு சொன்னா நீ மருந்து அனுப்புத. வர இஷ்டமில்லன்னு சொன்னா என்னத்த அனுப்புவ? அதான் வலிக்குன்னு சொன்னேன். தப்புத்தான். புள்ளைய படிப்பு கெட வேண்டாம். அவளக் கூட்டிட்டுப் போயி சேத்துரு. நான் இங்கன இருந்துக்கிடுவேன். தங்கச்சி பக்கத்துல இருக்கா. சீசன்ல குளிக்க அருவி இருக்கு."

"உம்மா, தனியா எப்படி? இந்த சீசன் முடியட்டும். பொறவு பேசுவோம்."

"சீசன் வருசா வருசம் வரும் வாப்பா" என்றார் அந்த அம்மா.

ஜொஹரா அப்படியே நின்றிருந்தார். மாமி தினம் காலையில் ஓதப் போனது எங்கே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. வாசலில் மாமி கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அடி தேய்ந்து, குதிகால் பக்கம் ஓட்டை விழுந்து, அது வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"இந்தப் பெருநாளைக்குத்தான வாங்குன செருப்பு மாமி" என்றார்.

அந்த அம்மா எழுந்தார். யார் தோளையும் பிடிக்கவில்லை. மருமகள் கையிலிருந்து செருப்பை வாங்கிக் கீழே போட்டார், காலை நுழைத்தார், மண்டபத்தைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார்.

நல்ல வேகம். ஜொஹரா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமி, நில்லுங்க, நில்லுங்க" என்று பின்னால் ஓடினார்.